சென்னைத் தெருவில் கேமராவோடு இறங்கும் முன்: காகிதம், காசு, நேரம்

என் கேமரா ஐந்து வாரம் ஒரு காவல் நிலைய பீரோவில் கிடந்தது. எடுத்த படத்தில் பிரச்சினை இல்லை, கேமராவுக்குப் பில் இல்லை. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. விற்றவர் பில் தரவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு சாலை மறியலை ஓரமாக நின்று எடுத்துக்கொண்டிருந்தேன். "இது உங்க கேமராதான்னு எப்படிம்மா நம்புறது?" என்று எஸ்.ஐ. கேட்டபோது காட்ட என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

அதற்கப்புறம் நான்கு வருடமாக வடசென்னையில் எடுத்துவருகிறேன். தெரு, போராட்டம், இல்லாமையில் வளரும் பிள்ளைகள், இவைதான் என் பாடம். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் எந்த லென்ஸ் வாங்கலாம் என்றுதான் கேட்கிறார்கள். லென்ஸ் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் பார்த்தவரை துணிச்சல் போதாமல் யாரும் பாதியில் நிற்கவில்லை. பில் வைக்காமல், கையெழுத்து வாங்காமல், காப்பி எடுக்காமல் நின்றவர்கள்தான் அதிகம். அதனால் அவற்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

1. முதலில் பில், பிறகு கேமரா

பழைய கேமராவே போதும். ஒரு பாடியும் (லென்ஸ் நீங்கலான கேமரா) 35 எம்.எம். லென்ஸும் சேர்த்து 30,000 ரூபாய்க்குள் தேடினால் கிடைக்கும். கையில் நல்ல போன் இருந்தால் முதல் மூன்று மாதம் அதிலேயே எடுங்கள். போனைப் பார்த்து யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை.

கடையில் வாங்கினால் பில்லில் சீரியல் நம்பர் எழுதச் சொல்லுங்கள். பாடியின் அடியில் ஒரு நம்பர் இருக்கும், லென்ஸில் தனியாக ஒன்று. இரண்டும் வேண்டும். தனி ஆளிடம் வாங்கினால் வெள்ளைத் தாளில் ஒரு விற்பனைச் சீட்டு போதும்: இருவர் பெயர், தேதி, தொகை, சீரியல் நம்பர்கள், கையெழுத்து, விற்றவரின் அடையாள அட்டை நகல். தொகை 5,000 ரூபாய்க்கு மேல் என்பதால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக்கொள்ளுங்கள். பணத்தை ரொக்கமாகத் தராமல் யூபிஐயில் அனுப்புங்கள், அதுவும் ஒரு சாட்சி. எல்லாவற்றையும் போட்டோ எடுத்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பிவைத்துவிடுங்கள். போன் தொலைந்தாலும் அது இருக்கும்.

ஒரே பெரிய மெமரி கார்டு வேண்டாம். 32 ஜிபி கார்டு மூன்று வாங்குங்கள். ஒன்று பறிபோனாலும் அந்த நாள் முழுதும் போகாது.

சென்னைக்கென்றே ஒரு செலவு உண்டு: பூஞ்சை. கடல்காற்று ஈரத்தில் பையிலேயே வைத்த லென்ஸுக்குள் ஒரே மழைக்காலத்தில் சிலந்தி வலை போலப் படர்ந்துவிடும். எனக்குச் சுத்தம் செய்ய 1,800 ரூபாய் ஆனது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு வைத்தால் 200 ரூபாயோடு முடிகிற விஷயம்.

2. எங்கே கேட்க வேண்டும், எங்கே வேண்டாம்

பொதுச் சாலையில் நின்று படமெடுக்க அனுமதி வாங்கச் சொல்லும் சட்டம் எதுவும் இல்லை. நடைபாதை, சந்தை, கடற்கரை எல்லாம் அப்படித்தான். ரயில் நிலையம், மெட்ரோ, துறைமுகம், விமான நிலையம், நீதிமன்ற வளாகம், ராணுவ இடம் ஆகியவற்றுக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். 10 ரூபாய் பிளாட்பாரம் டிக்கெட் நடைமேடையில் நிற்பதற்கு மட்டும்தான், படமெடுக்க அல்ல. இது தெரியாமல் வருகிறவர்கள் நிறைய. கடிதம் எழுதிவிட்டு இரண்டு மூன்று வாரம் காத்திருக்கத் தயாராக இருங்கள். நேரில் போய் ஒருமுறை நினைவுபடுத்தாமல் பெரும்பாலும் பதில் வருவதில்லை.

டிரைபாடு கொண்டுபோகாதீர்கள். கையில் கேமரா இருந்தால் நீங்கள் ஒரு ஆள். டிரைபாடு விரித்தால் அது 'ஷூட்டிங்'. செக்யூரிட்டி ஓடி வருவார், உடனே அனுமதிக் கடிதம் கேட்பார்.

காவல் நிலையத்தைப் படமெடுத்தால் 1923-ஆம் ஆண்டு அரசு ரகசியச் சட்டத்தில் கேஸ் போடுவோம் என்று மிரட்டுவது உண்டு. அந்தச் சட்டம் சொல்லும் 'தடைசெய்யப்பட்ட இடம்' காவல் நிலையம் அல்ல என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு 2022-இல் சொல்லியிருக்கிறது. தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஸ்டேஷன் வாசலில் நின்று இதைச் சொல்லி வாதாடாதீர்கள். அது வக்கீல் சொல்ல வேண்டியது.

பையில் எப்போதும் இருக்க வேண்டியவை: ஆதார் நகல், கேமரா பில் நகல், அறிமுகக் கடிதம். நீங்கள் எந்த நிறுவனத்திலும் இல்லாவிட்டால் படித்த கல்லூரியோ தெரிந்த பத்திரிகை ஆசிரியரோ அந்தப் பகுதியில் வேலை செய்யும் அமைப்போ லெட்டர்ஹெட்டில் நான்கு வரி எழுதித் தந்தால் போதும். 'இவர் இன்ன தெருவின் அன்றாட வாழ்க்கையைப் படமெடுக்கிறார்' என்று மட்டும் இருக்கட்டும். தேதி முக்கியம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிதாக வாங்குங்கள்.

பத்திரிகையில் வேலை செய்யாமல் 'பிரஸ்' அட்டை மாட்டிக்கொள்ளாதீர்கள், வண்டியில் ஸ்டிக்கரும் வேண்டாம். போலி நிருபர் என்று எழுதிவிட்டால் மற்ற எந்தக் காகிதமும் உதவாது.

3. முதல் இரண்டு வாரம் கேமரா வேண்டாம்

ஊர் முழுக்கச் சுற்றாதீர்கள். ஒரு தெருவையோ ஒரு ஹவுசிங் போர்டு பிளாக்கையோ எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் சும்மா போய் வாருங்கள். டீ குடியுங்கள், காலையில் இட்லி சாப்பிடுங்கள்.

இது ஏன் என்று எனக்கு முதல் நாளே புரிந்தது. கேமராவோடு போய் நின்றேன். இட்லிக் கடை அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "எதுக்கும்மா போட்டோ? வூட்ட காலி பண்ணப் போறாங்களா?" என்றார். அடுத்த ஐந்து நிமிடத்தில் நான்கு பேர் ரேஷன் கார்டோடு வந்துவிட்டார்கள். ஒருவர் எனக்கு நாற்காலி போட்டார். கூவம் ஓரத்திலும் ரயில் பாதை ஓரத்திலும் வீடு வைத்திருந்தவர்களைத் தொலைவில் இருக்கும் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பிய கதை இங்கே எல்லா வீட்டிலும் தெரியும். வீட்டு வாசலையும் கதவு எண்ணையும் படமெடுக்கிறவர் யாராக இருந்தாலும் கணக்கெடுக்க வந்தவர்தான். நான் யாருமில்லை என்று அந்த நான்கு பேருக்கும் விளக்கி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. நாற்காலி போட்டவர் முகம் விழுந்துவிட்டது. அவர் நினைத்தது வேறு.

யாரிடம் முதலில் பேச வேண்டும் என்பதிலும் தப்பு செய்யாதீர்கள். கவுன்சிலரிடம் போனால் நீங்கள் அவர் கட்சி ஆள் ஆகிவிடுவீர்கள். கடை வைத்திருப்பவர்கள், பால்வாடி ஆயா, தெருவில் டியூஷன் எடுக்கும் பெண் இவர்கள்தான் வாசல். மீனவர் குப்பம் என்றால் கிராம நிர்வாகிகளைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அது மரியாதை, அந்த ஒரு வார்த்தை இல்லாமல் அங்கே ஒன்றும் நடக்காது.

இந்தக் கட்டத்தில் ஆகும் செலவு டீயும் பஸ் காசும்தான். பணம் மட்டும் தராதீர்கள். ஒருவருக்கு 100 ரூபாய் கொடுத்தால் மறுநாள் அந்தத் தெருவில் எந்தப் படமும் இயல்பாக இருக்காது.

4. எப்போது போவது

காலை 6 முதல் 8, மாலை 4.30 முதல் 6. மற்ற நேரத்தில் சென்னை வெயில் முகங்களில் கண்குழியைக் கறுப்பாக்கிவிடும். நடுப்பகலில் மாடிப்படி, வராண்டா, வீட்டுக்குள் என்று நிழலுக்குள் எடுங்கள்.

காசிமேடு மீன் ஏலம் என்றால் விடிவதற்கு முன்னால் போக வேண்டும். ஏழு மணிக்கு வந்து ஏலத்தைத் தேடுகிறவர்களை வாரம்தோறும் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அதிகம், நிற்கவே இடமிருக்காது; முதல்முறை போகிறவர்கள் வாரநாளில் போங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த நேரம் ஒன்றும் கிடைக்காது என்று விட்டுவிடாதீர்கள். எனக்குப் பிடித்த படங்கள் அந்த இரண்டு மாதத்தில் எடுத்தவை. வலை பின்னுகிறார்கள், படகுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள், கடன் வாங்குகிறார்கள், ஆண்கள் பகலில் வீட்டில் இருக்கிறார்கள்.

பெண்களாக இருந்தால் விடியற்காலை போகும்போது அங்கே மீன் விற்கும் ஓர் அக்காவைத் துணைக்குப் பிடித்துக்கொள்ளுங்கள். கழிவறை எங்கே என்று முதல் நாளே கேட்டுவைப்பதும் திட்டத்தில் ஒரு பகுதிதான்.

பிள்ளைகளை எடுக்க வேண்டுமென்றால் பள்ளி விட்ட பிறகு, இருட்டுவதற்கு முன். பள்ளி நேரத்தில் தெருவில் நிற்கும் பிள்ளையைப் பார்த்தால் முதலில் ஏன் என்று கேளுங்கள். அதற்குப் பதில் சில சமயம் படத்தைவிட அவசரமானதாக இருக்கும்.

5. பிள்ளைகள்: ஷட்டருக்கு முன்னால் கையெழுத்து

நான் பெரிதாகத் தப்பு செய்தது இங்கேதான். முதல் வருடம் ஒரு பையனைத் தண்ணீர்க் குடத்தோடு எடுத்தேன். அவன் அம்மா வாயால் சரி சொன்னார், நான் எழுதி வாங்கவில்லை. அந்தப் படத்தை ஓர் அமைப்பு தங்கள் கூட்டத்துக்கு வேண்டும் என்று கேட்டது, கொடுத்தேன். மூன்று மாதம் கழித்து அது நன்கொடை நோட்டீஸில் வந்தது. அவன் முகத்துக்குக் கீழே 'இந்தக் குழந்தையின் பசியைப் போக்க' என்று எழுதி வங்கிக் கணக்கு எண் போட்டிருந்தார்கள். அவன் வீட்டில் மூன்று வேளையும் சோறு உண்டு. வகுப்பில் அவனைப் 'பிச்சை' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவன் அம்மா என்னிடம் சண்டை போடவில்லை; அடுத்தமுறை நான் போனபோது வாசல் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் ஒரு படிவம் வைத்திருக்கிறேன். ஒரே பக்கம், பெரிய எழுத்து, தமிழில். வேண்டுமானால் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்:

"என் பெயர் ........ நான் ........ வயதுள்ள பிள்ளையின் தாய் / தந்தை / காப்பாளர். என் பிள்ளையை ........ அவர்கள் படமெடுக்கச் சம்மதிக்கிறேன். இந்தப் படத்தைக் கண்காட்சி / பத்திரிகை / புத்தகம் / இணையத்தில் பயன்படுத்தலாம், சம்மதமில்லாததை அடித்துவிட்டேன். விளம்பரத்துக்கும் நன்கொடை திரட்டவும் பயன்படுத்தக் கூடாது. வேறு யாருக்கும் தரக் கூடாது. இதற்காகப் பணம், வீடு, வேறு உதவி எதுவும் தருவதாக யாரும் சொல்லவில்லை. எப்போது வேண்டுமானாலும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு."

கீழே தேதி, கையெழுத்து அல்லது கைநாட்டு, ஒரு சாட்சி, உங்கள் போன் நம்பர். இரண்டு பிரதி, ஒன்று அவர்களிடம். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டி, அதையும் போனில் ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள். செலவு ஜெராக்ஸ் காசுதான்.

'அடித்துவிட்டேன்' என்ற வரியைத் தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள். ஒரு பெண் எல்லாவற்றுக்கும் சரி சொல்லிவிட்டு 'இணையம்' என்பதை மட்டும் மூன்று கோடு போட்டு அடித்தார். நடைபாதையில் தார்ப்பாய் கட்டி இருக்கிறார்கள் என்பது அவருடைய சொந்த ஊருக்குத் தெரியாது. கம்பெனி வேலை, வாடகை வீடு என்றுதான் சொல்லி வைத்திருக்கிறார். கேட்காமல் போட்டிருந்தால் என் ஒரு படம் அவருடைய ஆறு வருடக் கதையைக் கெடுத்திருக்கும்.

பெற்றோர் சரி சொன்னாலும் பிள்ளையிடம் தனியாகக் கேளுங்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கும் வேண்டாம் என்று சொல்லத் தெரியும். பெரும்பாலும் வாயால் சொல்லாது, கண்ணாடி பார்க்க ஓடும், சட்டை மாற்றிக்கொண்டு வரும். அழுக்குச் சட்டையோடு எடுத்தால்தான் 'உண்மை' என்று நீங்கள் நினைக்கலாம். அந்தப் பிள்ளைக்குப் புதுச் சட்டையோடு எடுத்ததுதான் உண்மை. நான் இரண்டையும் எடுத்து, எதை வெளியே வைக்கலாம் என்று அவர்களிடமே காட்டிக் கேட்கிறேன்.

இனி சட்டம். வீடில்லாமல் தெருவில் வாழும் பிள்ளை, பிச்சை எடுக்கும் பிள்ளை, சட்டத்தை மீறி வேலைக்கு வைக்கப்பட்ட பிள்ளை எல்லோரையும் 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டம் 'பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை' என்ற வகையில் சேர்க்கிறது. அப்படிப்பட்ட பிள்ளையின் விவகாரம் காவல்துறையிடமோ குழந்தைகள் நலக் குழுவிடமோ விசாரணையில் இருந்தால், 74-ஆம் பிரிவின்படி படம், பெயர், பள்ளி, முகவரி எதுவும் வெளியாகக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிள்ளையின் நன்மைக்காகக் குழுவே அனுமதித்தால்தான் விலக்கு. பெற்றோர் கையெழுத்து அங்கே செல்லாது. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்ட பிள்ளை என்றால் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு இன்னும் கடுமையானது. விசாரணை இருக்கிறதா என்று உங்களுக்கு எப்போதும் தெரியாது என்பதால் நான் ஒரு கோடு கிழித்துக்கொண்டேன்: இப்படிப்பட்ட பிள்ளைகள் யாருடைய முகத்தையும் வெளியிடுவதே இல்லை.

முகம் இல்லாமல் எடுப்பது எப்படி? கண்ணுக்கு மேல் கறுப்புப் பட்டை போடாதீர்கள், பிள்ளையைக் குற்றவாளி ஆக்கிவிடும். எடுக்கும்போதே முதுகுப்பக்கம், கை, நிழல், வாசலில் கிடக்கும் செருப்பு என்று யோசியுங்கள். பள்ளி பேட்ஜ், டை, அடையாள அட்டை, கதவு எண் சட்டகத்துக்குள் வருகிறதா என்று பாருங்கள். நான் முகத்தை மறைத்துவிட்டுப் பள்ளிப் பெயர் தெரிகிற பையைத் தெளிவாக விட்ட நாளும் உண்டு.

படமெடுக்கும்போது ஒரு பிள்ளை வேலைக்கு வைக்கப்பட்டிருப்பது தெரிந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குக் கூப்பிடுங்கள். 14 வயதுக்குக் கீழே எந்தத் தொழிலிலும் வேலைக்கு வைக்கக் கூடாது. குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவுவது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. பாலியல் கொடுமை பற்றித் தெரியவந்தால் புகார் சொல்வது கட்டாயம். போக்சோ சட்டம் ஊடகத்தாரையும் போட்டோ ஸ்டுடியோக்களையும் தனியாகவே குறிப்பிடுகிறது. நான் கலைஞன், தலையிட மாட்டேன் என்பதெல்லாம் அங்கே எடுபடாது.

(ஓர் இடைச்செருகல். அமெரிக்காவில் 1908 முதல் தொழிற்சாலைப் பிள்ளைகளைப் படமெடுத்த லூயிஸ் ஹைன் வேறு வேறு வேடத்தில் ஆலைக்குள் நுழைவார். தன் கோட்டுப் பொத்தான்களின் உயரம் அவருக்குத் தெரியும். பிள்ளை எந்தப் பொத்தான் வரை வருகிறது என்று பார்த்து உயரத்தைக் கணக்கிட்டு, பாக்கெட்டுக்குள் கையை விட்டபடியே குறித்துக்கொள்வார். துணிச்சல் என்றால் எனக்கு அந்தப் பாக்கெட்டுக்குள் இருந்த பென்சில்தான் நினைவுக்கு வரும்.)

குழாயடியிலும் பம்பிலும் பெண்கள் குளிக்கும்போது எடுக்கக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டாம். சொல்ல வேண்டியிருக்கிறது, எடுத்துக்கொண்டு வந்து காட்டியிருக்கிறார்கள்.

6. போராட்டக் களம்

போவதற்கு முன்பு ஒரே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்: இதற்குக் காவல்துறை அனுமதி இருக்கிறதா? அனுமதியோடு நடக்கும் ஆர்ப்பாட்டம் பெரும்பாலும் இரண்டு மணி நேரம், மைக், கோஷம், கலைவு. அனுமதி இல்லாதது எப்படி வேண்டுமானாலும் போகும். மெரினாவில் போராட அனுமதி கிடையாது. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு அங்கே பத்துப் பேர் கூடினாலே போலீஸ் வந்துவிடும்.

தமிழ்நாட்டில் வழக்கமான முடிவு என்ன தெரியுமா? கைதுசெய்து பஸ்ஸில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார வைப்பார்கள், சாயங்காலம் விட்டுவிடுவார்கள். காலியான பஸ்கள் வரிசையாக வந்து நிற்கிறதென்றால் இன்னும் அரைமணி நேரத்தில் ஏற்றப் போகிறார்கள். கூட்டத்துக்குள் இருந்தால் உங்களையும் சேர்த்துத்தான். மண்டபத்தில் பெயர் எழுதும்போதே நீங்கள் படமெடுக்க வந்தவர் என்று சொல்லிக் கடிதத்தைக் காட்டுங்கள். மண்டபத்துக்குள் நல்ல படங்கள் கிடைக்கும் என்பது வேறு விஷயம்.

நிற்கும் இடம்: போலீஸுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் ஒருபோதும் வேண்டாம். பக்கவாட்டில், உங்களுக்குப் பின்னால் ஒரு சந்து திறந்திருக்கும்படி. பெரிய பேக்பேக் ஓடவிடாது, சின்னத் தோள்பை போதும். ஷூ. ஒரு லிட்டர் தண்ணீர். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் அன்று கண்ணாடி போடுங்கள், கண்ணீர்ப்புகை வந்தால் லென்ஸ் பெரிய தொல்லை. வீட்டு நம்பரும் ரத்த வகையும் முன்கையில் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள். போன் பறிபோனால் யாருக்கும் எந்த நம்பரும் நினைவில் இருப்பதில்லை.

நீண்ட போராட்டம் என்றால் மேடையை விட்டுவிடுங்கள். 2025 ஆகஸ்டில் தூய்மைப் பணியாளர்கள் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை முன்பு 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள், நள்ளிரவில்தான் அகற்றப்பட்டார்கள். பகலில் தலைவர்கள் வந்து போகும்போது கேமராக்களுக்குக் குறைவே இருக்காது. இதுபோன்ற இடங்களில் எடுக்க வேண்டியது இரவு. யார் பிள்ளையை மடியில் போட்டிருக்கிறார்கள், சாப்பாடு எங்கிருந்து வருகிறது, யார் தூங்கவில்லை என்பதெல்லாம் இரவில்தான் தெரியும். கடைசி பஸ்ஸைப் பிடித்தால் இதெல்லாம் போய்விடும்.

போராட்டப் படங்களை அன்றே பதிவேற்றும் ஆசையை அடக்குங்கள். கல் எறிகிறவர் முகம் மட்டுமல்ல, சும்மா நிற்கிறவர் முகமும் நாளைக்கு ஒரு வழக்கில் வரலாம். நான் மூன்று நாள் காத்திருந்து, முகம் தெளிவாக உள்ள படங்களை ஏற்பாட்டாளர்களிடம் காட்டிவிட்டுப் போடுகிறேன். செய்திப் படக்காரர்களுக்கு இது ஒத்துவராது. நாம் செய்திக்காக ஓடவில்லை.

7. கேமராவைக் கேட்டால்

குரலை உயர்த்தாதீர்கள். நீங்கள் யார், என்ன எடுக்கிறீர்கள் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிக் கடிதத்தைக் கொடுங்கள். பெரும்பாலும் இத்தோடு முடியும்.

படங்களை அழிக்கச் சொன்னால், அழிக்கச் சொல்லும் அதிகாரம் எந்தச் சட்டத்திலும் இல்லை என்று எனக்குத் தெரியும். அந்த இடத்தில் அது உதவாது என்பதும் தெரியும். அழிக்க நேர்ந்தால் அந்தக் கார்டை உடனே கழற்றிவிடுங்கள், அதில் ஒரு படம்கூட மேற்கொண்டு எடுக்காதீர்கள். வீட்டுக்கு வந்து போட்டோரெக் என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். கார்டில் புதிதாக எதுவும் எழுதப்படாத வரை பெரும்பாலான படங்கள் திரும்பக் கிடைக்கும்.

கேமராவையே எடுத்துக்கொண்டால் எழுத்தில் ரசீது கேளுங்கள். சந்தேகத்துக்குரிய பொருளைக் கைப்பற்ற குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 106-ஆம் பிரிவு போலீஸுக்கு அதிகாரம் தருகிறது. கைப்பற்றியதை மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் அதுவே சொல்கிறது. மகஜரில் (கைப்பற்றும்போது எழுதும் பத்திரம்) சீரியல் நம்பர், கார்டு எத்தனை, பேட்டரி எத்தனை என்று எழுத வையுங்கள். எனக்கு எழுதாமல் விட்டதால் ஒரு பேட்டரி திரும்பி வரவில்லை. திரும்பப் பெற அந்த நிலையத்துக்கு உரிய மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனு போட வேண்டும், அங்கே முதலில் கேட்பது பில். நான் விற்றவரைத் தேடிப் பிடித்துச் சீட்டு எழுதி வாங்கவே மூன்று வாரம் ஓடியது. வக்கீல் செலவு 6,000 ரூபாய். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, 15100 என்ற எண்ணில் கேட்கலாம். இது எனக்கு 6,000 ரூபாய் கட்டிய பிறகுதான் தெரிந்தது.

8. அன்றிரவே

எவ்வளவு அசதியாக இருந்தாலும் படுப்பதற்கு முன் இரண்டு வேலை. ஒன்று, காப்பி: கணினியில் ஒன்று, ஹார்ட் டிஸ்கில் ஒன்று, வேறு இடத்தில் ஒன்று. வேறு இடம் என்பது நண்பர் வீட்டு அலமாரியாகவும் இருக்கலாம். 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் தரைத்தள வீட்டில் கணினியும் டிஸ்கும் ஒரே மேசையில் வைத்திருந்த நண்பருக்கு இரண்டும் ஒன்றாகவே போயின.

இரண்டு, குறிப்பு: தேதி, தெரு, யார், என்ன நடந்தது, அவர்கள் சொன்ன ஒரு வாக்கியம். ஒரு வாரம் கழித்து எழுதினால் 'ஏழைச் சிறுவன்' என்றுதான் எழுத வரும். அன்றே எழுதினால் 'மூன்றாம் வகுப்பு, பட்டத்துக்கு வால் தேடிக்கொண்டிருந்தான்' என்று வரும்.

படத்தை வெளியே அனுப்பும்போது அதில் பதிந்திருக்கும் இருப்பிடத் தகவலை நீக்கிவிடுங்கள். போனில் எடுத்தால் கேமரா அமைப்பிலேயே லொகேஷனை அணைத்துவிடலாம்.

9. பிரிண்ட் போட்டுக் கொடுங்கள்

நான் செய்யும் செலவிலேயே பலன் தருவது இதுதான். 4-க்கு 6 பிரிண்ட் ஒன்று 10 முதல் 15 ரூபாய். மாதம் 40 பிரிண்ட் என்று வைத்தால் 600 ரூபாய்க்குள். கொடுக்கப் போகும்போது கதவு தானாகத் திறக்கும், அடுத்த வீட்டுக்காரர் எங்களை ஏன் எடுக்கவில்லை என்று கேட்பார். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இது நடக்காது. பிள்ளைகள் கையில் ஒருநாள் கேமராவையும் கொடுத்துப் பாருங்கள். தூய்மைப் பணியாளர்களின் வாழ்க்கையைப் பல வருடமாக எடுத்துவரும் எம். பழனி குமார், அந்தக் குடும்பப் பிள்ளைகளுக்குப் புகைப்படம் கற்றுக்கொடுப்பவரும்கூட. அந்தப் பிள்ளைகள் நாம் போக முடியாத அறைக்குள் நின்று எடுப்பார்கள்.

கண்காட்சியைப் பெரிய கேலரியில் வைக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமி போன்ற இடங்களுக்கு மாதக்கணக்கில் முன்னதாகவே கேட்டு வைக்க வேண்டும். வாடகை, பிரேம், அழைப்பிதழ் என்று செலவு நீளும். நான் முதல் கண்காட்சியை அதே தெருவில் வைத்தேன். சன்போர்டில் (கெட்டியான ஃபோம் அட்டை) ஒட்டிய 20 படங்கள், சதுர அடி 80 ரூபாய் வீதம், மொத்தம் 3,500-க்குள் முடிந்தது. ஆனால் சாலையில் பேனர்போலக் கட்டினால் மாநகராட்சி அனுமதி வேண்டும், இல்லாவிட்டால் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். டியூஷன் சென்டர், சர்ச் ஹால், கோயில் மண்டபம் என்று கூரைக்குக் கீழே வையுங்கள். ஞாயிறு மாலை வையுங்கள், மற்ற நாளில் பெண்கள் வர முடியாது.

10. பதிப்புரிமை (காப்பிரைட்)

படமெடுத்த கணமே உரிமை உங்களுடையது, பதிவு கட்டாயம் இல்லை. ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்னால் மட்டும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், உரிமை அவருக்குப் போய்விடும். அதனால் அமைப்புகளுக்கு எடுத்துக் கொடுக்கும்போது ஒரு வரியாவது எழுதி வாங்குங்கள். பதிவு செய்ய நினைத்தால் காப்பிரைட் அலுவலக இணையதளத்தில் ஒரு படைப்புக்கு 500 ரூபாய். விண்ணப்பித்ததும் ஆட்சேபணைக்காக 30 நாள் காத்திருப்பு, பிறகு பரிசீலனை, மாதக்கணக்கில் ஆகலாம். எல்லாப் படத்துக்கும் வேண்டாம், ஐந்தாறு முக்கியமானவற்றுக்குப் போதும்.

11. தேடினால் கிடைக்கும்படி வையுங்கள்

ஒருநாள் இரவு 11 மணிக்கு இட்லிக் கடை அக்கா கூப்பிட்டார். அவருடைய மாமியார் இறந்துவிட்டார். "நீ எடுத்தியே, திண்ணையில வெத்தல இடிச்சிக்கினு இருக்கும்போது, அது வேணும்மா. பேனருக்குக் காலைல ஆறு மணிக்குள்ள குடுக்கணும்." குடும்பத்தில் அந்தக் கிழவிக்கு வேறு படமே இல்லை, ஆதாரில் இருப்பது யாருக்கும் பிடிக்கவில்லை.

என்னிடம் அப்போது 14,000 படங்கள், எல்லாம் கேமரா கொடுத்த எண்ணிலேயே. ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்து, கிடைக்கும்போது மணி இரண்டரை.

இப்போது ஒவ்வொரு போல்டருக்கும் ஆண்டு, மாதம், தேதி, தெரு, வீட்டுக்காரர் பெயர் என்ற வரிசையில் பெயர் வைக்கிறேன். கூடவே ஒரு சாதாரண நோட்டில் வீடு வீடாக ஒரு பக்கம்: யார் யாரை எடுத்திருக்கிறேன், படிவம் எந்தக் கவரில், பிரிண்ட் கொடுத்தாயிற்றா. இதற்கு வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. ஞாயிறு மதியம் செய்கிறேன்.